நிஜக் குழப்பம்

நாடகத்துறை ஆய்வு மாணவி நான்காவது நாளாகப் பேராசிரியை முன்னால் கண்ணைக் கசக்கினாள்.

“ஒரு தலைப்பும் பிடிபடலை மேடம். நாளைக்குள்ள கொடுக்கலேன்னா என் சீட்டே போயிடும்.”

“அழாதேம்மா! ஒப்பனை பத்திப் பண்ணு. இல்லேன்னா மேடை வெளிச்சம்…” பேராசிரியை பதறிப்போய்த் தண்ணீரை நீட்டினார்.

மாணவி சட்டென்று சிரித்தாள். “கிடைச்சிடுச்சு மேடம்! ‘மேடைக்கு வெளியே நடிப்பு.’ நாலு நாளா நான் குழம்பினதெல்லாம் நடிப்புதான். நீங்களே நம்பிட்டீங்க!”

“நடிப்பு சொல்லித்தர்ற என்கிட்டயேவா? நானும் நம்புற மாதிரி நடிச்சேன்.”

சிரிப்பு நின்றது. “நிஜமாவா மேடம்?”

“அதையும் கண்டுபிடிச்சு ஆய்வுல எழுது.”

மாணவி இப்போது நிஜமாகவே குழம்பிப்போய் வெளியேறினாள்.

கதவு மூடியதும் பேராசிரியை அந்தத் தண்ணீரை மடக்கென்று தானே குடித்தார். நல்லவேளை, மானம் தப்பியது.