மருந்திடாத தட்டு

வெங்காயத் தோல் சத்து வேலை செய்துவிட்டது. லாக்டிக் அமிலத்தை வெளியேற்றும் வாசல் அடைபட்டு, ஆய்வகத் தட்டுகளில் வளர்த்த புற்றுநோய்ச் செல்கள் சக்தி வற்றிச் செத்துக் கிடந்தன. மூன்று வருடமாக ஆய்வகத் தலைவி இதற்காகத்தான் உழைத்தாள்.

"அக்கா, ஒன்பது தட்டும் கூண்டோட காலி!" கூட வேலை பார்ப்பவள் துள்ளினாள்.

"மருந்து போடாத பத்தாவது?" ஒப்பிட்டுப் பார்க்க வைத்திருந்த அந்தத் தட்டை மட்டும் தலைவி யாரையும் தொட விட்டதில்லை. தினமும் தானே உணவூட்டுவாள்.

"அதான் ஒப்பிட்டாச்சே. உங்களுக்கு ஏன் சிரமம்னு அதுலயும் ப்ளீச் ஊத்தி அழிச்சிட்டேன். விதைக்குக்கூட மிச்சமில்ல!"

தலைவி அந்தத் தட்டை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"ஆளைக் கொல்ற சனியனுக்கா அழறீங்க?"

"என் பொண்ணைக் கொன்னதுதான்டி," என்றாள் காலித் தட்டைத் தடவியபடி. "அவ கட்டியிலேருந்து எடுத்து வளத்தேன். அவ உடம்புல உயிரோட மிஞ்சினது அது மட்டும்தான்."