குனியும் பஸ்

“மகாராணி ஏறும்போது பஸ்ஸே தலை வணங்குது. ஒருத்தராவது கை தட்டுறீங்களா?”

கேட்டுக்கொண்டே ஏறினார் அந்தம்மா. வாசல் பக்கம் ‘புஸ்ஸ்’ என்று சரிந்திருந்த பஸ், அவர் முழங்காலைப் பிடித்தபடி முன் சீட்டில் உட்கார்ந்ததும் மெல்ல நிமிர்ந்தது.

கண்டக்டருக்கு இந்த ரூட்டில் இன்றுதான் முதல் நாள். “எப்படிண்ணே குனியுது?” என்றார் டிரைவரிடம்.

“ஏர் சஸ்பென்ஷன். இரும்புப் பட்டைக்குப் பதிலா சக்கரத்துக்கு மேல ரப்பர் பை. அதுக்குள்ள காத்து. கூட்டம் ஏறி வண்டி அமுங்கினா, இன்னும் காத்து ஏறி மட்டத்துக்கு வந்துடும். இந்தப் பட்டனை அமுக்கினா வாசல் பக்கத்துப் பையில காத்து இறங்கும். பஸ் குனியும்.”

“பள்ளத்துல விழுந்தா இடுப்பு ஒடியுதே! பையில இருக்கறது காத்தா, கருங்கல்லா? உங்க டிரைவரைக் கேட்டுச் சொல்லுப்பா” என்றார் அந்தம்மா.

“சக்கரத்து மேலயே உக்காந்தா அப்படித்தான். நடுவுல உக்காரச் சொல்லு” என்றார் டிரைவர், அவரும் கண்டக்டரிடமே.

கண்டக்டர் டிக்கெட்டைக் கிழித்தார். “எங்கேம்மா, வேலைக்கா?”

“மக வீட்டுக்கு. தினமும் போய்ப் பேத்தியைப் பாக்கணும். அங்க மாப்பிள்ளைன்னு ஒரு துரை இருக்கார். அவர் வேலைக்குக் கிளம்பினப்புறம்தான் உள்ள போவேன்.”

“என்னம்மா தகராறு?”

“எங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்லாம என் பொண்ணைக் கூட்டிட்டுப் போய்த் தாலி கட்டினார். நாலு வருஷமா பேச்சு கிடையாது. ஒரு மன்னிப்புக் கேட்டா துரையோட கிரீடம் கழண்டு விழுந்துடும் பாரு!”

“ரொம்பத் திமிர் பிடிச்ச ஆளோ?”

“திமிரா? அதுல பட்டமே வாங்கியிருக்கார்!”

அவருடைய ஸ்டாப் வந்தது. பஸ் ‘புஸ்ஸ்’ என்று சரிந்தது. அந்தம்மா கம்பியைப் பிடித்து அலுங்காமல் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

“பாவம்ணே” என்றார் கண்டக்டர். “அந்த மாப்பிள்ளை ஒரே ஒரு தடவை மன்னிப்புக் கேட்டா என்ன குறைஞ்சு போயிடுவான்?”

டிரைவர் கதவை மூடிவிட்டு, அந்தம்மா தெருவைக் கடக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

“தினமும் ரெண்டு தடவை கேக்கறேனேப்பா. அவங்க ஏறும்போது ஒண்ணு, இறங்கும்போது ஒண்ணு!”