சார்ஜ் ஏறும் வரை

"கொஞ்சமாவது கூச்சம் இருக்கா இந்த மனுஷனுக்கு?"

அப்பா வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியதுமே பெரிய மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தங்கை புருஷனின் எலெக்ட்ரிக் கார் வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. ஜன்னல் வழியாக வந்த ஒயர் அதில் சொருகியிருந்தது.

தங்கை போனில் சொன்னபோது அவள் நம்பவில்லை. "வாராவாரம் ஞாயித்துக்கிழமை எனக்கு ஆஸ்பத்திரி டியூட்டிக்கா. அவர் அப்பா வீட்டுக்குப் போய் காருக்கு சார்ஜ் போட்டுட்டு வருவார்."

கரன்ட் விற்கிற விலையில் அவள் வீட்டில் ஏசியைப் போட்டே ரெண்டு மாசம் ஆகிறது. இவர் என்னடாவென்றால், பென்ஷன்காரர் வீட்டில் காருக்கே தீனி போடுகிறார்!

உள்ளே மாமனாரும் மாப்பிள்ளையும் செஸ் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"வாம்மா! மூணு மாசம் ஆச்சு உன்னைப் பார்த்து" என்றார் அப்பா. பிறகு எதிரே திரும்பி, "வண்டிக்கு இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் மாப்ளே?"

"பாதிகூட ஏறலை மாமா. மூணு மணி நேரமாவது ஆகும்."

"அப்ப சரி, இன்னொரு ஆட்டம் அடுக்கு."

அவளால் பொறுக்க முடியவில்லை. "தம்பி, கொஞ்சம் வெளிய வாங்க."

வாசலுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டாள். "உங்க வீட்ல கரன்ட் இல்லையா? ஒத்தை ஆளா இருக்கிற மனுஷன் தலையில ஏன் பில்லை ஏத்தறீங்க? எங்கே, இதுவரைக்கும் எவ்வளவு ஏறியிருக்குன்னு காட்டுங்க!"

அவர் தயங்கித் தயங்கிக் கார்க் கதவைத் திறந்தார். திரையில் பச்சையாக எரிந்தது: நூறு சதவீதம்.

"என்ன தம்பி இது? பாதிகூட ஏறலைன்னீங்க?"

"மெதுவாப் பேசுங்கக்கா. வர்ற வழியில சார்ஜிங் ஸ்டேஷன்லயே ஃபுல் பண்ணிட்டுதான் வருவேன்."

"அங்க வீட்டைவிட ரெண்டு மடங்கு பிடுங்குவானே! அப்புறம் எதுக்கு இந்த ஒயர்?"

"சும்மா வந்து உக்காந்தா, காபி ஆறறதுக்குள்ள 'உனக்கு ஆயிரம் வேலை இருக்கும், கிளம்பு'ன்னு விரட்டிடறார். அத்தை போனதுலேர்ந்து, தன்னால யாருக்கும் தொந்தரவு வந்துடக் கூடாதுன்னு ஒரே பிடிவாதம். சார்ஜ் ஏறுதுன்னு சொன்னா மட்டும் சாயங்காலம் வரைக்கும் விடறார்."

அவள் கார்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

"உள்ள போங்கக்கா. நான் காபி போடறேன்" என்று அவர் அடுக்களைக்குள் போய்விட்டார்.

அவள் அப்பாவுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"என்னம்மா, மாப்பிள்ளையோட சண்டை போட்டியா?"

"இல்லப்பா. கார் நிதானமா சார்ஜ் ஆகட்டும்."

அப்பா அடுக்களைப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவள் காதருகே குனிந்தார்.

"அது நிறைஞ்ச வண்டிம்மா. முதல் வாரமே போய் மீட்டரைப் பார்த்தேன், எப்பவும் போலத்தான் ஓடிச்சு, கூட ஒண்ணும் ஏறலை."

"தெரியுமா உங்களுக்கு? அப்புறம் ஏன்பா ஒண்ணுமே சொல்லலை?"

அப்பா செஸ் காய்களை ஒவ்வொன்றாக அடுக்கத் தொடங்கினார்.

"தெரியும்னு சொல்லிட்டா, அப்புறம் நான் அவனைக் கிளம்பச் சொல்லித்தானே ஆகணும்?"