நாற்காலிக்குப் படையல்

காலி நாற்காலிக்கு முன்னால் தலைவாழை இலையை விரித்து, சோறும் வடையும் பாயசமும் பரிமாறினாள் தாமரைச்செல்வி. செத்தவர் வேதக்காரர் என்பதால் குத்துவிளக்குக்குப் பதில் மெழுகுவத்தி. மகன் கலைவாணனைக் கடைக்கு விரட்டி, நீள ரொட்டியும் கால் பாட்டில் பிராந்தியும் வாங்கி வரச் சொல்லி அதையும் இலையோரம் வைத்தாள்.

மருமகள் துர்கா கைகளைப் பிசைந்துகொண்டு நின்றாள். இந்தப் படையல் முடிந்தால்தான் அவளுடைய நாற்காலி அவளுக்கு.

லாஸ்பேட்டையில் இந்த இரண்டாம் மாடி வீடு அவர்களின் முதல் சொந்த வீடு. வீடு அமைவதற்கு முன்பே துர்கா சாமான்களை மனசில் வாங்கிப் போட்டுவிட்டாள். அறுபது எழுபது வருஷத்துக்கு முந்தைய தேக்கு, மெலிந்து சாய்ந்த கால்கள், பிரம்பு பின்னிய முதுகு. போனில் எந்நேரமும் அந்தப் படங்கள்தான். அவள் 'மிட் செஞ்சுரி' என்பாள், கலைவாணன் 'காயலான் கடை' என்பான்.

கருவடிக்குப்பத்தில் ஒரு வீட்டில் அப்படிப்பட்ட சாமான்கள் விலைக்கு வருகின்றன என்று கேள்விப்பட்டதும் போட்டது போட்டபடி ஓடினாள். பிரெஞ்சு ராணுவத்தில் சிப்பாயாக இருந்து பென்ஷன் வாங்கிய 'சொல்தா' அந்துவானின் வீடு அது. பாரீசிலிருந்து வந்திருந்த மகன் ஃப்ளோரான்தான் விற்றான். அப்பா போன மாதம் இறந்துவிட்டார், வீடும் கைமாறிவிட்டது, நாளைக்கு எனக்கு ஃப்ளைட், இன்றைக்கே ஏற்றிக்கொண்டு போங்கள் என்றான்.

பேரம்கூடப் பேசவில்லை, நல்ல மனுஷன். பேச்சுக்கு நடுவே ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்துகொண்டே இருந்தது, அவனும் எடுக்காமல் கட் செய்துகொண்டே இருந்தான். செத்த பிறகும் ஆளை விடமாட்டார்கள் போலிருக்கிறது என்று துர்கா அவனுக்காகப் பரிதாபப்பட்டாள்.

சாமான்கள் டெம்போவில் வந்து இறங்கி, புது வீட்டைப் பார்க்க மாமியார் வந்த அன்றைக்குப் பிடித்தது சனி. நாற்காலியின் கால்களைப் பார்த்துக் கொக்கா என்று கேட்டவள், செத்தவர் சாமான் என்று தெரிந்ததும் தரையில் உட்கார்ந்துவிட்டாள். இந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன் என்றாள்.

அதுவரை வாயைத் திறக்காத கலைவாணனும் கட்சி மாறினான். அம்மா வராத வீட்டில் நான் எப்படி இருப்பது, எல்லாவற்றையும் தள்ளிவிடு என்று ஆரம்பித்தான். துர்காவுக்கோ ஆசை ஆசையாக வாங்கியதைக் கொடுக்கவும் மனசில்லை, வைத்துக்கொண்டு நிம்மதியாக உட்காரவும் முடியவில்லை.

கடைசியில் தாமரைச்செல்வியே இறங்கிவந்தாள்.

"அந்த மனுசன் ஆசையா உக்காந்த சாமான்டி. அவருக்குப் படைச்சு, அவரு வாயாற சாப்ட்டுட்டுப் போயிட்டாருன்னா, அப்புறம் இது ஒன்னுது. நானும் உக்காருறேன்."

மாலை போட ஒரு போட்டோகூடக் கிடையாது, அந்துவான் கறுப்பா சிவப்பா என்று அங்கே யாருக்கும் தெரியாது. துர்கா நாற்காலியைப் பார்த்தே கும்பிட்டாள். பெரியவரே, மனசார எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்று வேண்டிக்கொண்டாள்.

கற்பூரம் அணைவதற்குள் அழைப்பு மணி அடித்தது.

வாசலில் ஒரு பெரியவர், மாடி ஏறிய மூச்சிரைப்போடு சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். மணிக்கட்டில் பிளாஸ்திரி, கையில் ஒரு துணிப்பை. கருவடிக்குப்பத்து டெம்போக்காரர்தான் இந்த வீட்டைக் காட்டினார் என்று திணறித் திணறிச் சொன்னார். பாவம், நண்பரைத் தேடிப் போன யாரோ பழைய சொல்தா என்று நினைத்தாள் துர்கா.

உள்ளே வந்தவர் மெழுகுவத்தியையும் இலையையும் பார்த்ததும் நெற்றியிலும் நெஞ்சிலும் சிலுவை போட்டுக்கொண்டார். பிறகு சோபா காலியாகக் கிடக்க, நேராகப் போய் அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். துர்கா தடுக்க வாயெடுத்தாள்.

தாமரைச்செல்வி அவளைக் கண்ணால் அடக்கினாள். படையல் முடிந்த கையோடு பசித்து வருபவர் அந்தச் செத்தவரே அனுப்பிய ஆள் என்பது அவள் கணக்கு. இலையை எடுத்து டீப்பாயில் வைத்து, சாப்பிடச் சொன்னாள். நல்ல பசி போலிருக்கிறது, குனிந்த தலை நிமிராமல் ரொட்டியைப் பிய்த்துப் பாயசத்தில் தோய்த்துச் சாப்பிட்டார்.

அவர் சாப்பிடச் சாப்பிட துர்காவின் மனசு லேசானது. மாமியார் அதே வீட்டிலிருந்து வந்த சோபாவில் உட்கார்ந்துவிட்டாள், கலைவாணன் மனைவியைப் பார்த்துச் சிரித்தான். இத்தனை நாள் பட்ட பாட்டுக்கு வீடு இப்போதுதான் வீடாகிறது என்று நினைத்தாள்.

மூச்சு நிதானப்பட்டதும் பெரியவர் தலையைத் தூக்கினார். உங்கள் வீட்டுத் துக்கத்தில் வந்துவிட்டேன், மன்னிக்கணும் என்றார். அப்புறம் கேட்டார்.

"யாருக்கும்மா படையல்?"

"இந்த நாற்காலிக்காரருக்குங்க. அந்துவான்னு பேரு. போன மாசம் செத்துட்டாராம். உங்களுக்குத் தெரியாதா?" என்றாள் துர்கா.

பெரியவரின் கை ரொட்டியோடு பாதியில் நின்றது.

"யாரு சொன்னது?"

"அவரு பையன்தாங்க, ஃப்ளோரான். சாமானெல்லாம் வித்துட்டு மறுநாளே கிளம்பிட்டாரு."

அவர் ரொட்டியை இலையில் வைத்தார். நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுகப் பிடித்துக்கொண்டார்.

"என் மவனா அப்டி சொன்னான்?"