ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு

“கொஞ்சம் பொறுத்துக்குங்க. வலிக்காது. இதோ முடிஞ்சுடுச்சு” என்று பழக்கதோஷத்தில் முனகிக்கொண்டே பல் டாக்டர் கடைசி இடுக்கில் குச்சியை விட்டு நெம்பினாள். கரும்பாசி சுருளாகப் பெயர்ந்து விழுந்தது. கல்லறைக் கல்லில் வயது தெரிந்தது.

பத்தொன்பது.

அவளுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. ஒரு குவளை தண்ணீரை ஊற்றி மறுபடியும் பார்த்தாள். சந்தேகமே இல்லை, பத்தொன்பதுதான்.

சண்டையில் இறந்தவர், ஓய்வுபெற்று இறந்தவர் என்று பழைய போர்வீரர்களின் கல்லறைகளைத் துலக்குகிற குழுவில் சேர்ந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலை அவளுக்கு இங்கேதான். தண்ணீர், மெத்தென்ற பிரஷ், மூங்கில் குச்சி, பொறுமை. எந்தக் கல்லைக் கொடுத்தாலும் தேய்ப்பாள். இந்தக் கல்லை மட்டும் அவளாகக் கேட்டு வாங்கிக்கொண்டாள். காரணம், அந்த அம்மா.

அந்த அம்மாவும் ஞாயிறு தவறாமல் வருவார். ஒரு கையில் மடக்கு நாற்காலி, இன்னொரு கையில் இரண்டு பூ. எதிர் வரிசையின் கடைசிக் கல்மேல் போகிற போக்கில் ஒரு பூவைப் போட்டுவிட்டு, நிற்காமல் இந்தக் கறுத்த கல்லுக்கு வந்து, மற்றதை இதன்மேல் வைத்து, நாற்காலியை விரிப்பார். அப்புறம் பேச்சுதான். சுற்றிலும் தேய்த்துக்கொண்டிருப்பவர்கள் எல்லோருக்கும் கேட்கும்.

“நாப்பது வருஷக் குறட்டை! ஒரு ராத்திரியாவது நிம்மதியாத் தூங்கியிருப்பேனா? நீங்களே சொல்லுங்க, இது நியாயமா?”

பக்கத்துக் கல்லைத் தேய்த்தபடி டாக்டர் காதைத் தீட்டிக்கொள்வாள். அவள் பிழைப்பில் எதிரே இருப்பவர்கள் வாயைத் திறந்திருப்பார்கள், பேச முடியாது. வீட்டில் கணவரால் பேச முடியும், வாயைத் திறக்க மாட்டார். குழாய் சொட்டுகிறது என்று ஆரம்பித்த சண்டை; நாலு நாளாக இருவரும் ஜாடைதான்.

உயிரோடு இருக்கிற மனிதரிடம் தனக்கு ஒரு வார்த்தை வரவில்லை. இந்த அம்மா கல்லாகிப் போனவரோடு இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறார். அதை நினைத்தால் அவளுக்குப் பொறாமையாக இருக்கும். அந்தப் பொறாமையில் கொஞ்சம் அழுகையும் கலந்திருந்தது. அவருடைய பெயரையாவது அந்த அம்மாவுக்குத் துலக்கிக் கொடுத்துவிட வேண்டும் என்று தோன்றியது.

“அடுத்த வாரம் வாங்கம்மா, பேரு பளிச்சுன்னு தெரியும்” என்று போன ஞாயிறு சொன்னாள்.

“நல்லாயிருப்பே. எனக்கும் ரொம்ப நாளாப் பாக்கணும்னு ஆசை” என்றார் அம்மா.

இப்போது பத்தொன்பது என்கிறது கல். பத்தொன்பதில் செத்தவன் நாற்பது வருஷம் எங்கே குறட்டை விட்டான்? பாவம், இத்தனை காலமும் வேறு யாரோ ஒருவனுக்கு முன்னால் உட்கார்ந்து பேசியிருக்கிறார்.

“என்ன டாக்டர், இன்னும் ஸ்டாப் வரலையா?” என்று வாளியோடு வந்தார் குழுத் தலைவர். ரிட்டையரான பஸ் டிரைவர். குனிந்து படித்தவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “அடடா! அம்மா தப்பான வண்டியில ஏறிட்டாங்க போலிருக்கே.”

“ஈரத் துணியைப் போட்டு மூடிடலாமா சார்? இன்னும் காயலைன்னு சொல்லிக்கலாம்.”

“இந்த வாரம் மூடுவீங்க. அடுத்த வாரம் என்ன, பாசியைத் திருப்பி ஒட்டுவீங்களா?”

“அவங்க தாங்க மாட்டாங்க சார். நீங்க சொல்லிடுங்களேன்.”

“நல்லாயிருக்கே! ஊர்ல எல்லாரையும் வாயைத் திறக்கச் சொல்றது நீங்க. இன்னிக்கு நீங்க திறங்க” என்று சொல்லிவிட்டு, தண்ணீர் நிறைந்திருந்த வாளியைத் தூக்கிக்கொண்டு குழாயைத் தேடிப் போனார்.

இரும்புக் கதவு கிறீச்சிட்டது. எதிர் வரிசையில் பூவைப் போட்டுவிட்டு அம்மா வந்துகொண்டிருந்தார். எத்தனையோ கடைவாய்ப் பற்களை அசராமல் பிடுங்கியவள் ஈரத் துணியைத் தேடினாள். துணியைக் கையில் எடுத்தாள். பிறகு கீழே போட்டாள்.

“என்னம்மா, முடிஞ்சுதா?”

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தார். பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். வயதுக்கு வந்ததும் கை தானாக வாய்க்குப் போயிற்று.

“பத்தொன்பதா! ஐயையோ, பச்சப் புள்ளையாச்சே!”

டாக்டர் அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள். “மனசை விட்டுடாதீங்கம்மா. எல்லாக் கல்லும் ஒரே மாதிரி கறுத்துக் கெடக்கு, யாராயிருந்தாலும் மாறிப் போயிருக்கும். நான் ஒவ்வொண்ணாத் தேய்ச்சாவது உங்க வீட்டுக்காரரைத் தேடிக் குடுத்துடறேன்.”

“யாரை?”

“உங்க வீட்டுக்காரரை.”

“அவரை எதுக்கும்மா தேடணும்? அதோ, எதிர் வரிசையில கடைசி. இப்பத்தானே பூ வெச்சுட்டு வரேன்.”

“அப்போ… இத்தனை நாளா இங்க வந்து?”

அம்மா எதிர் வரிசையை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். நாற்காலியை டாக்டரின் பக்கம் நெருக்கிப் போட்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தினார்.

“அவரைப் பத்தின குறையை அவர்கிட்டயேவா போய்ச் சொல்லுவாங்க?”