பேட்டரி சம்மதிக்கவில்லை

"லைட்டை அணைச்சா மீட்டர் பன்னெண்டரை வோல்ட் காட்டுது. போட்டா பத்துக்கு விழுது. ஃபேனையும் சேர்த்துப் போட்டா ஒன்பது, பத்து, மறுபடி ஒன்பதுன்னு கூத்தாடுது. பேட்டரி போயிடுச்சுன்னு நினைக்கிறேம்மா. பாவம், அதுக்கும் வயசாகுதில்ல!" என்றார் மாலுமி, படகைப் பார்க்க வந்திருந்த எலக்ட்ரீஷியன் பெண்ணிடம்.

மாலுமி என்பது நண்பர்கள் வைத்த பட்டப்பெயர். மனிதர் காலமெல்லாம் தபால் ஆபீசில் முத்திரை குத்தியவர். 'ரிட்டயர் ஆனதும் பாய்மரப் படகுதான், கடல்தான்' என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி, கடைசியில் ஒரு பழைய படகை வாங்கியே விட்டார். நாளைக் காலை அவரும் மனைவியும் கிளம்புகிறார்கள். திரும்பி வர ஆறு மாதமாகும். வழியனுப்ப ஒரு பட்டாளமே துறைமுகத்துக்கு வரப்போகிறது. இந்த நேரம் பார்த்து மீட்டர் மக்கர் பண்ணுகிறது. நடுக்கடலில் விளக்குக்கும் வயர்லெஸ்ஸுக்கும் பேட்டரியை விட்டால் வேறு கதி கிடையாது. அது சரியாகாமல் படகு நகராது.

"சரி பண்ண ரொம்ப நாளாகுமா?" என்று கேட்டாள் அவர் மனைவி. பள்ளிக்கூடத்தை விட்டு வந்தும் எல்லாருக்கும் அவள் டீச்சர்தான்.

கேட்ட குரலில் கவலை தெரிந்தது. மனதுக்குள்ளோ, 'ஆமான்னு சொல்லிடும்மா, நீ நல்லா இருப்பே' என்று வேண்டிக்கொண்டிருந்தாள்.

போன வாரம் ஒத்திகை பார்க்கிறேன் என்று மாலுமி அவளைக் கடலுக்குக் கூட்டிப் போயிருந்தார். ஓர் அலையில் படகு ஒருக்களித்துச் சாய்ந்தபோது அவளுக்கு உயிர் தொண்டைக்குழிக்கு வந்துவிட்டது. அவரோ பாய்க்கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு உரக்கப் பாட்டுப் பாடினார். அப்படிச் சந்தோஷப்படுகிற மனிதரிடம் போய், 'எனக்குப் பயமா இருக்குங்க, வேண்டாம்' என்று எந்த வாயால் சொல்வது? அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கமே இல்லை.

"பேட்டரி மேல அநியாயமாப் பழி போடாதீங்க சார்!" எலக்ட்ரீஷியன் பெண் தரைப்பலகையைத் தூக்கி வைத்துவிட்டு, தன் கை மீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரியின் தலையிலேயே வைத்தாள். லைட்டும் ஃபேனும் ஓடிக்கொண்டிருந்தன. "பாருங்க, பன்னெண்டரை. அசையாம நிக்குது. உங்க பேட்டரி தங்கம் சார். நடுவுல எங்கேயோதான் தடுக்குது."

"தங்கமா?" என்றார் மாலுமி. அவரால் நம்ப முடியவில்லை போலிருந்தது.

அவள் வயர் போன வழியே விரலை ஓட்டிக்கொண்டே போய், "ஆங், மாட்டிக்கிச்சு!" என்றாள். "பிளஸ் பக்கத்து நட்டு லூசு. சும்மா விரலாலயே சுத்துது."

டீச்சருக்குக் குப்பென்று வியர்த்தது. "படகு ஆடி ஆடிக் கழண்டிருக்கும்" என்றாள்.

"இருக்கும் அக்கா."

எலக்ட்ரீஷியன் பெண் நட்டை முறுக்கினாள். சுவரில் பதித்த மீட்டர் சரசரவென்று ஏறிப் பதினொன்றில் நின்றுவிட்டது.

"இன்னும் ஒண்ணரை எங்க போச்சு?" அவள் தலையைச் சொறிந்தாள். "அப்ப இன்னொரு கோளாறும் இருக்கு. ரெண்டு சேர்ந்துக்கிட்டாதான் மீட்டர் இப்படிப் பேய் பிடிச்ச மாதிரி ஆடும்."

டீச்சருக்கு லேசாக நம்பிக்கை துளிர்த்தது.

"விடும்மா, மெதுவாப் பார்த்துக்கலாம். ஒரு மாசம் ஆனாலும் பரவாயில்ல" என்றார் மாலுமி.

"அட, இருங்க சார்!" அவள் மைனஸ் பக்கத்து வயரைக் கழற்றிப் புரட்டினாள். நிமிர்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "வயர் வளையத்துக்கு அடியில டேப் ஒட்டியிருக்கு. நட்டு ஆடிக் கழலும், ஒத்துக்கறேன். டேப்பும் ஆடி ஆடி வந்து ஒட்டிக்குமா? அதுவும் அளவா வெட்டி!"

மாலுமி பொத்தென்று உட்கார்ந்தார். முகம் வெளிறிவிட்டது.

"நான்தான் ஒட்டினேன்" என்றார், மனைவியைப் பார்க்காமல். "எனக்குப் பயமா இருக்கும்மா. அன்னிக்குப் படகு சாய்ஞ்சதுல இருந்து, கடலைப் பார்த்தாலே திரும்பி ஓடிடலாமான்னு இருக்கு."

"பாடினீங்களே!"

"நிறுத்தினா அலறிடுவேனோன்னு பாடினேன். நீ என்னடான்னா நீச்சல் கிளாஸ் போறே, தொப்பி வாங்கறே... உன் ஆசையில மண்ணைப் போட மனசு வரல. பேட்டரி கெட்டுப்போச்சுன்னா யாரும் எதுவும் சொல்ல மாட்டாங்கன்னு பார்த்தேன்."

"என் ஆசையா? ஐயோ, கடவுளே!" டீச்சர் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன. அப்பாடா என்றிருந்தது. "நாம எங்கேயும் போக வேண்டாங்க. படகு இங்கேயே நிக்கட்டும். சாயங்காலம் வந்து உட்கார்ந்து காப்பி குடிச்சிட்டுப் போவோம்."

"நெஜமாவா?" மாலுமி மூச்சை இழுத்து விட்டார். பத்து வயது குறைந்த மாதிரி ஆகிவிட்டது அவர் முகம்.

"நல்ல ஜோடிதான் போங்க!" எலக்ட்ரீஷியன் பெண் டேப்பைச் சுருட்டிப் போட்டுவிட்டுச் சிரித்தாள். "ஆனா சார், டேப் ஒண்ணே போதுமே. அந்த நட்டை வேற எதுக்குக் கழட்டி விட்டீங்க?"

"நட்டா? சத்தியமா நான் அதுல கையே வைக்கலம்மா!"

டீச்சர் கைப்பையைத் திறந்தாள். கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்த ஸ்பேனரை எடுத்துக் கணவர் கையில் கொடுத்தாள்.