ஜோதியின் குப்பி

ஒரகடத்து பீர் ஆலையின் லேப்பில், ஜோதி அளந்து சொல்லும் பீரின் நிறத்தை மட்டும் யாரும் மறுபடி அளப்பதில்லை. அதே பீர், அதே மெஷின்தான். ஆனாலும் பெனிட்டா அளந்தால், "எதுக்கும் ஜோதிகிட்ட ஒரு தபா காட்டிடும்மா" என்பார் சூப்பர்வைசர் எழிலரசன். பெனிட்டாவுக்கு வயிறு எரியும்.

அன்று ஜோதி கை கழுவப் போயிருந்தபோது, அவளுடைய கண்ணாடிக் குப்பியிலிருந்த பீரைக் கொட்டிவிட்டுத் தண்ணீரை நிரப்பி வைத்தாள் பெனிட்டா. தண்ணீருக்கு மெஷின் பூஜ்யம்தான் காட்டும். ஜோதி வந்து, பேசிக்கொண்டே அதை மெஷினில் வைத்தாள். எட்டு என்று காட்டியது. அந்த பீருக்கு இருக்கவேண்டிய நிறம் அதுதான்.

பெனிட்டா அவசரமாக, அதே பீர் இருந்த தன் குப்பியை வைத்தாள். பூஜ்யம்.

"இன்னா பெனி, தண்ணிய வெச்சிகினு கீறே?" என்று சிரித்தாள் ஜோதி.

பெனிட்டா தன் குப்பியை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். உள்ளே பீர் பொன்னாக மின்னியது. "இது பீருதானே சார்?"

எழிலரசன் வாங்கிப் பார்த்தார். "வெறும் தண்ணிம்மா" என்று சிங்க்கில் கொட்டினார்.

சிங்க்கில் நுரை பொங்கியது. அந்த நுரைக்குள்ளேயே கையை விட்டு, ஜோதி காலியான அந்தக் குப்பியை நிதானமாகக் கழுவினாள்.